டெம்பிள்டன் ஊரும் குடியாட்சியும் : கூப்பரின் இரு புதினங்கள்

ஜேம்ஸ் பெனிமோர் கூப்பர் ஓர் ஊரை இருமுறை எழுதினார். நியூயார்க் மாநிலத்தில் ஒட்சீகோ ஏரியின் தென்கரையில் அவர்தம் தந்தையார் வில்லியம் கூப்பர் 1786இல் நிறுவிய கூப்பர்ஸ்டவுனே அவ்வூர். புதினங்களில் அதன் பெயர் டெம்பிள்டன். 1823இல் வெளிவந்த ‘தி பயனியர்ஸ்’, 1793ஆம் ஆண்டுக் கிறித்துமசுக்கு முன்னாள் தொடங்கி, காடு நாடாகிய காலத்து ஊரைக் காட்டுகிறது. 1838இல் வெளிவந்த ‘ஹோம் ஆஸ் ஃபவுண்ட்’ அதே ஊரை ஆசிரியர் தம் நடுவயதில் கண்டவாறு காட்டுகிறது. இரு நூல்களுக்கும் இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகளில் அமெரிக்கக் குடியாட்சி தன் உருவையே மாற்றிக்கொண்டது. ஒரே ஊர், ஒரே ஆசிரியர், மாறிய நாடு. இத்தகைய ஒப்புநோக்கிற்கு இலக்கிய வரலாறு அடிக்கடி இடந்தருவதில்லை.

கூப்பரின் அரசியற் கொள்கையை அறியப் புகுவார் பெரும்பாலும் 1838ஆம் ஆண்டு நூல்களையே நாடுவர். அதற்குக் காரணமும் உண்டு. அவ்வாண்டிலேதான் அவர் ‘தி அமெரிக்கன் டெமாக்ரட்’ என்னும் உரைநடை நூலையும் வெளியிட்டார். சமத்துவம், உரிமை, செய்தித்தாள், பொதுக்கருத்து, மக்களை மயக்கும் பேச்சாளர் எனப் பொருள் வகுத்துத் தம் கருத்தை அதில் வெளிப்படையாகவே கூறினார். அதனோடு ‘ஹோம் ஆஸ் ஃபவுண்ட்’ புதினத்தையும் சேர்த்துக் கற்பார்க்குக் கூப்பரின் குடியாட்சிக் கோட்பாடு கைக்கு எட்டிவிட்டது போலத் தோன்றும். ‘பயனியர்ஸ்’ நூலுக்கோ ஆசிரியரே ‘வருணனைக் கதை’ என்று துணைத்தலைப்பிட்டார். ஆகவே அதனைப் பருவ வருணனைக்காகவும், நாட்டி பம்போ என்னும் முதிய வேட்டுவனுக்காகவும் படித்து அமைவார் பலர். இவ்வைப்புமுறை தலைகீழானது என்பதே என் துணிபு. குடியாட்சியைப் பற்றிப் பேசவேண்டும் என்று எழுதப்பெற்ற நூலைக் காட்டிலும், அதனைப் பற்றிப் பேசுவதாகக் கூறிக்கொள்ளாத நூலே அதனை ஆழமாக அறிந்திருக்கிறது. ஆசிரியன் தன் கொள்கையென்று உரைப்பதும் அவன் படைப்பு அறிந்துவைத்திருப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதனினும் தெளிவான சான்று எளிதில் கிடைப்பதன்று. சங்கப் பாட்டை வரலாற்றுச் சான்றாக ஆள்வார்க்கும் இது பழகிய சிக்கலே.

முதற்கண் காலத்தின் இயல்பைச் சுருங்கக் காண்போம். 1824ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் தேர்தலில் மக்கள் இட்ட வாக்குகள் ஏறத்தாழ மூன்றரை இலட்சம். அன்றிருந்த 24 மாநிலங்களுள் 6 மாநிலங்களில் வாக்காளர் குழுவை மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை, சட்டமன்றமே தேர்ந்தெடுத்தது. ஆண்ட்ரூ ஜாக்சன் வென்ற 1828இல் வாக்குகள் பதினொன்றரை இலட்சமாயின. 1840இல் இருபத்து நான்கு இலட்சம். சொத்துடையார்க்கே வாக்கு என்ற பழைய வரம்பு மாநிலந்தோறும் தகர்ந்தது. நியூயார்க்கில் அது 1821ஆம் ஆண்டு அரசியலமைப்பு மாநாட்டில் தகர்ந்தது. நிலமில்லாதார் கையில் மேலவைத் தேர்தலை ஒப்படைத்தல் கேடு பயக்கும் என்று நீதியரசர் ஜேம்ஸ் கெண்ட் அம்மாநாட்டில் வாதிட்டார், தோற்றார். வரி செலுத்தியோ, ஊர்ப்படையிற் பணியாற்றியோ, சாலை வேலை செய்தோ தகுதி பெறும் வெள்ளையர் ஆடவர் அனைவர்க்கும் வாக்குரிமை கிடைத்தது. எஞ்சிய வரம்புகளும் 1826இல் அவர்கள் திறத்தில் நீங்கின. ஆனால் அதே மாநாடு, அதே கையால், கறுப்பின ஆடவர்க்கு 250 டாலர் மதிப்புள்ள நிலம் இருந்தாலன்றி வாக்கில்லை என விதித்தது. அவ்விதி 1870 வரை நின்றது. குடியாட்சி விரிந்தது என்று எழுதும் வரலாற்றாசிரியர், எவர்க்கு விரிந்தது என்ற தொடரையும் உடன் எழுதுதல் வேண்டும். பழங்குடியினர் எல்லார்க்கும் குடியுரிமை 1924இல்தான் சட்டமாயிற்று.

‘பயனியர்ஸ்’ இம்மாநாடு நிகழ்ந்து ஓராண்டிற்குச் சற்று மேற்பட்ட காலத்தில் வெளிவந்தது. இவ்வண்மையை மனத்திற்கொண்டு அதன் வான்கோழிப் போட்டிக் காட்சியைப் படித்தல் வேண்டும். கிறித்துமசு நாளன்று ஊரார் பனிமீது கூடுகின்றனர். வான்கோழியைக் குறியாக வைத்து, சுடுவோரிடம் காசு பெறுபவன் ஆபிரகாம் என்னும் விடுதலை பெற்ற கறுப்பினத்தவன். சுடவருவோருள் நாட்டி ஒருவன். நாட்டியின் பழந்துணைவன் சிங்காச்கூக் அங்கு இருக்கிறான். ஊரார் அவனை ‘இந்தியன் ஜான்’ என்பர். நாட்டியின் துப்பாக்கி வெடியாது பொய்க்கிறது. அதனையும் ஒரு சூடாகக் கணக்கிட வேண்டும் என்கிறான் ஆபிரகாம். அவன் பிழைப்பு அதில் அடங்கியிருக்கிறது. தீர்ப்பு வழங்குபவன் ரிச்சர்ட் ஜோன்ஸ், நடுவன் டெம்பிளின் உறவினன்; அவ்வுறவினாலேயே ஷெரீப் பதவி பெறுபவன். மறுபடி சுட நாட்டி மீண்டும் காசு தரவேண்டும் என்று முடிகிறது வழக்கு.

சிரிப்புக்காக அமைந்த காட்சிதான் இது. எனினும் 1823ஆம் ஆண்டு நியூயார்க் வாசகன் கண்முன் மூன்று ஏழைகள் நிற்கின்றனர். நாட்டி பட்டா ஏதுமின்றிக் காட்டில் குடிசையிட்டு வாழ்பவன். 1793இல் அவனுக்கு வாக்கில்லை. அவனையொத்த வெள்ளையனுக்கு 1821இல் வாக்கு வந்துவிட்டது. ஆபிரகாமுக்கு 250 டாலர் நிலம் வேண்டும். சிங்காச்கூக்குக்கு எந்நிலையிலும் இல்லை. அவன் முன்னோர் நிலத்தின்மேலேயே அனைவரும் நிற்கின்றனர். ஷெரீப்பையோ 1821க்கு முன் ஒரு நியமனக் குழு அமர்த்திற்று. பின் மக்கள் தேர்ந்தனர். இவற்றுள் ஒன்றையும் கூப்பர் எடுத்துரைக்கவில்லை. ஒரே களத்தில் நிறுத்திவிட்டு நகர்கிறார்.

புதினத்தின் உயிர்நிலை மான் வழக்கே ஆகும். அதனைச் சற்று விரிவாக நோக்குதல் தகும். டெம்பிள்டன் மக்கள் இயற்கையின் வளத்தை அழிக்கும் காட்சிகள் மூன்று, வழக்கிற்கு முன்னரே வரிசையாக அமைகின்றன. சருக்கரைப் பாகுக்காக மேப்பிள் மரத்தைச் சிறிதே கீறினால் போதும். பில்லி கெர்பி என்னும் மரவெட்டியோ ஆழ வெட்டிப் புண்படுத்துகிறான். ஏரியில் பெருவலை வீசி, உண்ண மாட்டாத அளவு மீனைக் கரையிற் குவிக்கின்றனர். வானை மறைத்துவரும் பயணப்புறாக்களைத் துப்பாக்கியால் சுட்டது போதாதென்று சிறு பீரங்கி ஒன்றையே கொணர்ந்து வெடிக்கின்றனர். நாட்டி ஒரே ஒரு புறாவைச் சுட்டு எடுத்துக்கொண்டு, இவ்வீண் கொலையைப் பழித்துச் செல்கிறான். நடுவன் டெம்பிளும் ஆரவாரத்தில் மயங்கித்தான் நிற்கிறான். துடிக்கும் பறவைகளைக் கண்ட பின்பே வருந்துகிறான். (பயணப்புறா இனத்தின் இறுதிப் பறவை சின்சினாட்டி விலங்குக் காட்சிச் சாலையில் 1914இல் இறந்தது. 1823இல் இதனை எழுதியவர் கண் எத்துணைக் கூர்மையானது என்பதற்காகவே இதனைக் குறிப்பிட்டேன்.)

இவ்வழிவைத் தடுக்கவே டெம்பிள் வேட்டைச் சட்டம் வேண்டுமென்கிறான். சட்டம் நல்லது, அதன் நோக்கம் நாட்டியின் அறத்தோடு முற்றும் ஒத்தது. ஆயின் அச்சட்டம் வந்தபின் பிடிபடுபவன் யார்? மரத்தைச் சிதைத்தவன் அல்லன். புறாக்களைப் பீரங்கியால் வீழ்த்தியவரும் அல்லர். வேண்டிய அளவுக்குமேல் கொன்றறியாத நாட்டியே பிடிபடுகிறான். அவன் நாய்கள் ஏரியில் ஒரு மானைத் துரத்துகின்றன. பருவம் அல்லாப் பருவத்தில் அவன் அதனைக் கொல்கிறான். நாய்களைக் கட்டியிருந்த வாரைக் கத்தியால் எவரோ அறுத்துவிட்ட அடையாளம் காணப்படுகிறது. ஐயம் ஹைரம் டூலிட்டில் மேல் விழுகிறது. அவன் ஊரின் சிறு நீதிபதி. கட்டடக் கலைஞன் என்றும் தன்னைச் சொல்லிக்கொள்பவன். நாட்டியின் குடிசையில் வெள்ளி மறைந்திருக்கிறதென்ற பேராசை அவனுக்கு. சட்டம் அவன் கையில் திறவுகோலாகிறது. சோதனை ஆணையோடு குடிசைக்கு வருகிறான்; நாட்டி துப்பாக்கியை நீட்டித் தடுக்கிறான்.

அன்றுதான் நாட்டி, நடுவன் மகள் எலிசபெத்தைக் கொடிய காட்டு விலங்கொன்றின் வாயினின்று காத்தவன். அவனை அவள் தந்தையே விசாரிக்கிறான். டூலிட்டிலைத் தாக்கினான் என்ற முதற் குற்றச்சாட்டினின்று ஜூரி அவனை விடுவிக்கிறது. ஆணையை ஆயுதங்கொண்டு எதிர்த்தான் என்ற இரண்டாம் குற்றம் உறுதிப்படுகிறது. ஒரு மணி நேரம் தொழுமரத்தில் கால்பூட்டப்படுதல், நூறு டாலர் தண்டம், ஒரு மாதச் சிறை. மகளின் உயிரை நினைவூட்டிக் கிழவன் மன்றாட, மன்றில் அமர்ந்திருப்பவன் தந்தையாக இருத்தல் கூடாது என்று டெம்பிள் விடுக்கிறான். பின்னர் வீட்டில் தனியே மகளிடம் பணம் தந்து கிழவனுக்குக் கொடுக்கச் செய்கிறான்.

இக்காட்சியைத் தனிமனித உரிமைக்கும் சட்டத்திற்கும் நிகழும் மோதல் என்றே உரைப்பார் பலர். அவ்வுரை பொருந்துமாயினும் நிரம்பாது. சட்டமே தீதென்று கூப்பர் கூறவில்லை. டெம்பிளைத் தீயனாகவும் ஆக்கவில்லை. சட்டம் நல்லது, நடுவன் நேர்மையன், ஜூரி அஞ்சாது ஒரு குற்றச்சாட்டைத் தள்ளுகிறது. இத்தனை நன்மையும் கூடியிருந்தும் விளைவது அநீதி. ஏன்? சட்டத்தை ஆக்குவதில் நாட்டிக்குப் பங்கில்லை. அதனை ஏந்தும் அலுவலரைத் தேர்வதிலும் பங்கில்லை. அது அவனுக்கு முன் வந்து நிற்கும்போது டூலிட்டிலின் முகத்தோடு வந்து நிற்கிறது. நிலப்பட்டா, எழுத்து, ஆணை என்னும் மூன்றும் அவன் உலகத்திற்குப் புறம்பானவை. அலெக்ஸி டி டாக்வில் தம் அமெரிக்க ஆய்வின் 1835ஆம் ஆண்டு முதற்பகுதியில், ஜூரியை வழக்குமன்ற உறுப்பென்பதினும் மக்கள் ஆட்சியின் உறுப்பாகவே கொண்டு ஆராய்கிறார். பன்னிரண்டு ஆண்டுகட்கு முன்னரே கூப்பரின் புதினம், அவ்வுறுப்பு நன்கு இயங்கியும் போதாமற் போகும் இடத்தைத் தொட்டுவிட்டது.

இத்தண்டனைக் காட்சியில் சிறிய செய்தி ஒன்றுண்டு. நாட்டியைத் தொழுமரத்தில் பூட்டியதும், டெம்பிள் வீட்டுப் பணியாளன் பென் பம்ப் தானாகச் சென்று அவனருகே தன் காலையும் பூட்டிக்கொண்டு அமர்கிறான். பழிப்பைப் பங்கிட்டுக்கொள்ளுதற்கு அவனிடம் கொள்கை ஒன்றும் இல்லை. ‘அமெரிக்கன் டெமாக்ரட்’ நூலின் சமத்துவ இயல்களையெல்லாம் படித்தபின் இப்பக்கத்திற்குத் திரும்புவார்க்கு வேறுபாடு விளங்கும்.

இவ்வறிவு கூப்பருக்கு எங்ஙனம் வந்தது? 1995இல் வரலாற்றறிஞர் ஆலன் டெய்லர் வெளியிட்ட ‘வில்லியம் கூப்பர்ஸ் டவுன்’ என்னும் ஆய்வு இவ்வினாவுக்குப் பெருந்துணை புரிகிறது. தந்தை வில்லியம் கூப்பர் அந்நிலத்தை ஏலத்தில் பெற்ற முறையே வழக்கிற்குரியது. 1792ஆம் ஆண்டு ஆளுநர் தேர்தலில் ஒட்சீகோ மாவட்ட வாக்குகள் எண்ணப்படாது தள்ளப்பட்டன. வாக்குகளை அனுப்பிய ஷெரீப்பின் பதவிக்காலம் முடிந்திருந்தது என்பது கூறப்பட்ட காரணம். அதனையொட்டி, குடியானவர்களை அச்சுறுத்தி வாக்குப் பெற்றார் என வில்லியம் கூப்பர் மீதே முறையீடு எழுந்து, மாநிலச் சட்டமன்றம் விசாரித்துத் தள்ளிற்று. அவர் 1809இல் இறந்தபின் செல்வம் கரைந்தது. ‘பயனியர்ஸ்’ எழுதப்பட்ட காலத்தில் நிலமும் மாளிகையும் குடும்பத்தின் கையைவிட்டுப் போயிருந்தன. அஃதாவது, அப்புதினம் இழந்தவன் எழுதியது. 1826 முதல் 1833 வரை ஐரோப்பாவில் வாழ்ந்து மீண்ட கூப்பர், 1834இல் அம்மாளிகையை விலைக்கு வாங்கினார். ‘ஹோம் ஆஸ் ஃபவுண்ட்’ மீட்டவன் எழுதியது. வாழ்க்கை வரலாற்றைக் கொண்டு இலக்கியத்தை அளத்தலில் எனக்கு ஐயப்பாடு மிகுதி. எனினும் இவ்விடத்தில் இவ்வுண்மையை ஒதுக்குதல் இயலாது.

பிற்புதினத்தின் கரு 1837ஆம் ஆண்டு நிகழ்ச்சி. ஏரிக்கரையில் ‘மூன்று மைல் முனை’ எனப்படும் சிறுநிலத்தில் ஊரார் நெடுங்காலம் உலாவி உண்டு களித்துவந்தனர். அது கூப்பர் குடும்பத்தின் உடைமை. அத்துமீறி நுழைதல் கூடாதென்று கூப்பர் செய்தித்தாளில் அறிவித்தார். ஊரார் கூட்டம் கூட்டி, அவர் நூல்களை நூலகத்தினின்று அகற்றவும் தீர்மானித்தனர். செய்தித்தாள்கள் அவரை உயர்குடிச் செருக்கர் எனத் தூற்றின. அவரும் தர்லோ வீட், ஹொரேஸ் கிரீலி போன்ற இதழாசிரியர்மேல் அவதூறு வழக்குகள் தொடுத்தார். உண்மையில் அவர் ஜாக்சன் கட்சியின் ஆதரவாளர். அவரைத் தாக்கியோர் எதிர்க்கட்சியான விக் கட்சி இதழாளர். எளிய முத்திரை எதுவும் அவருக்குப் பொருந்தாது.

இந்நிகழ்ச்சி புதினத்தில் எஃபிங்காம் குடும்பத்தின் மேல் ஏற்றப்படுகிறது. ஐரோப்பாவினின்று மீளும் அவர்கள், பெரும்பான்மை எதைச் சொன்னாலும் தலைவணங்கும் இதழாசிரியன் டாட்ஜையும், எங்கும் வேரூன்றாத வழக்கறிஞன் பிராகையும் எதிர்கொள்கின்றனர். நல்ல நகைச்சுவை சில இடங்களில் உண்டு. மாளிகைப் புல்வெளியில் பந்தாடும் பையன்களை விரட்டத் துணியாத பிராக், தெருவில் ஆடுதல் சட்டத்திற்கு மாறானது என்று நயமாகச் சொல்லி, அவ்வின்பத்திற்காகவே அவர்களைத் தெருவுக்கு அனுப்பிவிடுகிறான். பொதுக்கருத்தின் அச்சத்தில் வாழும் மனிதனை இதனினும் சுருக்கமாகக் காட்டுதல் அரிது. அக்கருத்தில் தவறில்லை, பெரும்பான்மையின் கொடுங்கோன்மையை டாக்வில்லும் அஞ்சினார். குறை எங்கே உளது? எஃபிங்காம்களின் பத்திரம் செல்லும் என்று காட்டியதும் வழக்கு முடிந்துவிடுகிறது. முதற் புதினத்தில் பத்திரம் என்பதே வினாவாக இருந்தது. இங்கு அது விடையாகிவிட்டது. நாட்டியோ ஏரியின் பழங்கதைகளுள் ஒன்றாகச் சுருங்கிவிட்டான். 1923இல் டி. எச். லாரன்ஸ் எஃபிங்காம் கதையையும் நாட்டி கதைகளையும் வெவ்வேறு இயல்களில் பிரித்து ஆராய்ந்தார். அப்பிரிவு வசதியானது, ஆனால் ஒரே நிலம் இருகதைக்கும் அடியில் கிடப்பதை அது மறைத்துவிடுகிறது.

டாக்வில்லோடு ஒப்பிடின் இக்குறை மேலும் புலனாகும். சிறைச்சாலைகளை ஆராயவென 1831இல் வந்த அவர், அவ்வாண்டு திசம்பரில் மெம்பிஸ் நகரருகே சாக்டா பழங்குடியினர் கடுங்குளிரில் மிசிசிப்பி ஆற்றைக் கடந்து வெளியேறக் கண்டார். 1830ஆம் ஆண்டு வெளியேற்றச் சட்டத்தின் விளைவு அது. தம் முதற்பகுதியின் முடிவில், வெள்ளையர், கறுப்பினத்தவர், பழங்குடியினர் என்னும் மூவினத்தார் நிலையை நெடிய இயலாக எழுதினார். குடியாட்சியின் புகழைப் பாடவந்த நூலில் அவ்வியல் பொருந்தாது நிற்பதுபோலத் தோன்றினும், அதுவே அந்நூலின் நேர்மை. செரோக்கி மக்கள் தம் நிலத்தினின்று துரத்தப்பட்டு ஆயிரக்கணக்கில் மாண்ட ஆண்டு 1838. அதே ஆண்டில் வெளிவந்த ‘ஹோம் ஆஸ் ஃபவுண்ட்’ கண்ட நிலப்பறிப்பு ஓர் உலாவிடத்தைப் பற்றியது.

இங்ஙனம் கூறுவதால் ‘பயனியர்ஸ்’ மாசற்றது என்பதில்லை. நாட்டியின்பால் நமக்கு எழும் அன்பு அதன் குறைகளை மறைத்துவிடலாகாது. டெம்பிள் வீட்டு ஏவலன் அகமெம்னான் அடிமை. குவேக்கர் மரபினனாகிய டெம்பிளுக்கு அடிமையை உடைமையாக்குதல் ஆகாது என்பதால், அவன் ரிச்சர்டின் பெயரில் இருக்கிறான். மனச்சான்றைப் பத்திரத்தால் ஏமாற்றும் இவ்வுத்தியைக் கூப்பர் கண்டுகொண்டார். ஆயினும் அகமெம்னானை நகைப்புக்கன்றி வேறொன்றற்கும் பயன்படுத்தவில்லை. நியூயார்க்கில் அடிமைமுறை முற்றும் ஒழிந்தது 1827 சூலை 4இல். நூல் வெளிவந்த நாளில் அது வரலாறு அன்று, நிகழ்காலம்.

கதை முடிவும் ஐயத்திற்குரியது. இளம் வேட்டுவனாக வரும் ஆலிவர், நாட்டின் விடுதலைப் போரில் நிலம் பறிக்கப்பட்ட மேஜர் எஃபிங்காமின் பெயரன் என்பது வெளியாகிறது. டெலவேர் பழங்குடியினர் மேஜரைத் தம்மவராக ஏற்று நிலம் அளித்தனராம். டெம்பிளும் அந்நிலத்தை அவர்பொருட்டே காத்துவந்தானாம். ஆலிவர் எலிசபெத்தை மணக்க, பழங்குடியினர் உரிமை, மன்னராட்சிக் காலத்து உரிமை, புதிய குடியரசின் உரிமை ஆகிய மூன்றும் ஒரே திருமணத்தில் கலந்து தீர்கின்றன. தந்தையின் பட்டாவில் இருந்த கறையை மகன் கதையால் கழுவினார் என்று டெய்லர் காட்டுவது இவ்விடத்தையே. 1793இல் நிகழும் இக்கதையில், தந்தையை அவ்வளவு அலைக்கழித்த தேர்தல் என்பதே இல்லாமையும் தற்செயலாகத் தோன்றவில்லை.

ஆனால் கதை தீர்த்துவைத்ததைக் கதையின் இறுதிப் பக்கங்கள் முழுதும் ஏற்கவில்லை. சிங்காச்கூக் மலைத்தீயின் நாளில், கிறித்தவக் குருவின் வேண்டுதலை ஏற்காது தன் பழம் பாட்டைப் பாடியவாறு இறந்துவிட்டான். நாட்டிக்கு ஆளுநரின் மன்னிப்பு வந்துவிட்டது. எனினும் அவன் மேற்றிசைக் காட்டுக்குப் புறப்படுகிறான். அவன் குடிசை நின்ற இடத்தில் ஆலிவர் இரு கல்லறைகள் எழுப்பியிருக்கிறான்: ஒன்று மேஜருக்கு, மற்றது சிங்காச்கூக்குக்கு. எழுத்தறியாத நாட்டி கல்லில் எழுதியிருப்பதைப் படித்துக் காட்டச் சொல்கிறான். நிலத்தின் புதிய உரிமையாளன் படிக்கிறான். சிங்காச்கூக்கின் பெயர் பிழையாகப் பொறிக்கப்பட்டிருப்பது படிக்கும்போதே கிழவன் செவிக்குப் புலப்படுகிறது. ஓர் அசையை மீட்டும் மீட்டும் ஒலித்துத் திருத்துகிறான். அம்மக்களின் பெயர் ஒவ்வொன்றற்கும் பொருளுண்டு, ஆதலால் சரியாகப் பொறிக்கவேண்டும் என்கிறான். மாற்றச் செய்வதாக ஆலிவர் வாக்களிக்கிறான். மாற்றப்பெற்ற கல்லைப் புதினம் நமக்குக் காட்டுவதில்லை.